துப்பாக்கிக்கு வைத்த சந்தனம்

காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்குத்தான் அது தொடங்கியது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், என் மகள் சுடும்போது அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். போன வருடம், தீபாவளி முடிந்து வந்த முதல் சனிக்கிழமை. ஜொகூர் பாருவுக்கு வெளியே இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்பில் பயிற்சிப் போட்டி. பத்து, ஒன்பது, பத்து, பத்து என்று அழகாகப் போய்க்கொண்டிருந்த அவளுடைய புள்ளி, அந்த நிமிடத்தில் ஆறாக விழுந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பையனின் அம்மா "ஐயோ" என்றார். நான் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

துப்பாக்கி என்றதும் வேறு ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். இது காற்றழுத்தத்தில் சுடும் விளையாட்டுக் கைத்துப்பாக்கி. பத்து மீட்டர் தூரத்தில் ஓர் அட்டை இருக்கும். அதன் நடுப்புள்ளி ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். ஒரே கையை நீட்டிப் பிடித்து அதைச் சுட வேண்டும். இதற்கும் நம் நாட்டில் போலீஸ் உரிமம் தேவை. அதனால் துப்பாக்கி வீட்டுக்கே வராது. கிளப்பின் இரும்பு அறையில் பூட்டியிருக்கும். போட்டிக்குப் பயிற்சியாளர் அனுமதியோடு கொண்டுபோவார்; பழுது பார்க்க வெளியே எடுத்துப் போவதென்றால் அனுமதி வாங்கிய விற்பனையாளர்தான் வர வேண்டும்.

நாங்கள் கெலாங் பாத்தாவில் இருக்கிறோம். எனக்கு ஒரு சரக்குக் கிடங்கின் கணக்குப் பிரிவில் வேலை. கணவர் தினமும் மோட்டார் சைக்கிளில் இரண்டாவது பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் போய் வருகிறவர். எங்கள் இரண்டு குடும்பத்திலும் துப்பாக்கியைத் தொட்டவர்கள் யாரும் கிடையாது. பள்ளியிலிருந்து ஒருநாள் இந்தக் கிளப்புக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்த மகள், "மா, நான் சுட்டது எல்லாம் ஒரே இடத்துல விழுந்துச்சு மா" என்றாள். அன்று தொடங்கியது.

அவளுக்கு இடது கைப் பழக்கம். சின்ன வயதில் அந்தக் கையால் பலகாரம் எடுத்தால் உறவுக்காரர்கள் தட்டிவிடுவார்கள். கிளப்பில் இருந்த துப்பாக்கிகள் எல்லாமே வலது கைப் பிடி உள்ளவை. அதை இடது கையில் பிடித்துப் பிடித்து அவள் கட்டைவிரல் அடி காய்த்துப் போனது. பதினாறு வயதில் நான்காம் படிவம் வந்ததும், மாநிலத் தேர்வுக்கு நிற்கலாம் என்று பயிற்சியாளர் சொன்னார். அதற்காகத்தான், இடது கைக்காகவே செய்த பிடியோடு ஒரு புதுத் துப்பாக்கியை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தோம். கிளப்பின் உரிமத்தில், அவளுக்கென்று. பெட்டியைத் திறந்து அவள் அதைக் கையில் எடுத்ததும் விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் தெரிகிறது.

அது வந்து சேர்ந்தது ஆயுத பூஜை வாரத்தில். இதுதான் வினையாகிப் போனது.

எங்கள் வீட்டில் பூஜையன்று மோட்டார் சைக்கிள், தையல் இயந்திரம், மிக்சி, கணினி என்று ஒன்றையும் விடமாட்டேன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அவளுடைய துப்பாக்கியை மட்டும் எப்படி விடுவது? வீட்டுக்குக் கொண்டுவர முடியாதே என்று, கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு நானே கிளப்புக்குப் போனேன்.

பயிற்சியாளர் சீனர். லாயாங் லாயாங் பக்கம் ரப்பர்த் தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், அதுவும் தோட்டத்துத் தமிழ். தயங்கித் தயங்கிக் கேட்டேன். கடகடவென்று சிரித்துவிட்டு அறையைத் திறந்தார். "வைங்கக்கா. லாரிக்கெல்லாம் வெக்கிறாங்க, இதுக்கு வெச்சா என்னா? அப்படியே என் துப்பாக்கிக்கும் ஒண்ணு வெச்சிருங்க. லக்கு வேணாம்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

இரண்டுக்கும் வைத்தேன். மகளின் துப்பாக்கியில் தட்டையாக இருந்த இடம், குண்டு போடும் வாய்க்குப் பக்கத்தில். அங்கே நல்ல பெரிய பொட்டாகவே வைத்தேன். தாய் மனசு, கொஞ்சம் தாராளமாகத்தான் வைத்துவிட்டது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அந்த ஆறுக்குப் பிறகு மறுபடியும் பத்து, பத்து. அப்புறம் ஓர் ஏழு. போட்டி முடிந்ததும் பயிற்சியாளர் அவள் தலையில் லேசாகத் தட்டினார்.

"என்னா புள்ள, நெஞ்சு திக்கு திக்குன்னுதா?"

"இல்ல கோச். சத்தம் வேற மாதிரி இருந்துச்சு."

"எந்தச் சத்தம்?"

"மத்ததெல்லாம் டப்புனு போச்சு. அது ரெண்டு மட்டும் புஸ்ஸுனு போச்சு."

"புஸ்ஸுனு போனது நீதான்," என்று அவர் சிரித்தார். "புதுத் துப்பாக்கி. தேர்வு வருதுன்னு பயம். பழகிரும் லா."

எனக்கும் அப்படித்தான் பட்டது. என் வயிற்றில் பிறந்தவள் அல்லவா, பதற்றம் இல்லாமல் எப்படி இருப்பாள்? பாதாம் பால் காய்ச்சிக் கொடுத்தேன். சீக்கிரம் தூங்கு என்றேன். ஒரு தாயத்துகூடக் கட்டிவிட்டேன். அடுத்த வாரமும் அதே கதை. பத்து, பத்து, பத்து என்று போகும். திடீரென்று ஒன்று கீழே இறங்கும். நாத்தனார் போனில், "பீச்சாங்கையில சுட்டா பின்ன எப்படிப் போவும்?" என்றார். மகள் காதில் அது விழுந்தது. எல்லாரிடமும் ஒரே வார்த்தையைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் இல்ல." அழுதிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அழவே இல்லை. "நான் இல்ல மா" என்று, மழை வருகிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

மாநிலத் தேர்வு அடுத்த மாதத் தொடக்கத்தில். அதில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால்தான் அணி. இல்லையென்றால் அடுத்த வருடம் ஐந்தாம் படிவம், பெரிய பரீட்சை. பிறகு இதெல்லாம் எங்கே? அவளும் அதைத் தெரிந்துதான் வைத்திருந்தாள்.

கடைசியில் பயிற்சியாளரே அவளுடைய துப்பாக்கியைக் கையில் வாங்கி, தன் இடது கையில் கோணலாகப் பிடித்துச் சுட்டுப் பார்த்தார். இடது கையில் அவருக்கு எல்லாமே கோணலாகப் போனது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் நடுவில் ஒரு தடவை நின்று, காதைத் தேய்த்துக்கொண்டார். "அலமாக். புஸ்ஸுதான்," என்று முணுமுணுத்தார். அன்றே விற்பனையாளருக்குப் போன் போட்டார்.

விற்பனையாளரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ் முஸ்லிம் பெரியவர். ஜொகூர் பாருவில் பல வருடமாகக் கடை வைத்திருக்கிறார். வெள்ளைத் தாடி, சொங்கோக் தொப்பி, உரத்த குரல். அனுமதிப் பத்திரங்களோடு மறுநாளே கிளப்புக்கு வந்துவிட்டார். பட்டறை மேசையில் துப்பாக்கியை வைத்து, குண்டு போடும் வாயைத் திறந்து, பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்தார். பஞ்சு மஞ்சளாக இருந்தது.

மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா தங்கச்சி, துப்பாக்கிக்கு நிச்சயதார்த்தம் வெச்சீங்களா? சந்தனமெல்லாம் பூசி ஜோரா இருக்கு!"

பயிற்சியாளர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பூஜைக்கு வெச்சேன் நானா. ஒரு பொட்டுதான்."

"பொட்டு வெளியதான் வெச்சீங்க. காஞ்சி உதுந்து உள்ள போயிருக்கு. வாரண்டி பேப்பர்ல மொத வரியே என்னா தெரியுமா? வெளி வஸ்து எதும் உள்ள போயிருந்தா நாங்க பொறுப்பில்ல. சந்தனம் வெளி வஸ்தா, உள் வஸ்தா? நீங்களே சொல்லுங்க."



அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே விளக்கினார். காற்றை அளந்து விடும் உறுப்பு ஒன்று உள்ளே இருக்கிறது. தொழிற்சாலையில் முத்திரை போட்டு மூடி அனுப்புவார்கள். அவர்கள் சம்மதிக்காமல் இங்கே யாரும் அதைத் திறக்கக் கூடாது. திறந்தால் உத்தரவாதம் போச்சு. உத்தரவாதம் இல்லையென்றால் உதிரிப் பாகத்துக்கு எல்லாரையும் போல வரிசையில் நிற்க வேண்டும், எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. துப்பாக்கியையே திருப்பி அனுப்பலாம் என்றால் இங்கே ஓர் அனுமதி, அங்கே ஓர் அனுமதி. தேர்வுக்குள் நடக்கிற காரியமே இல்லை.

"அதுவும் மொதல்ல இது துப்பாக்கி கோளாறுன்னு பேக்டரிக்காரன் நம்பணும்," என்றார் நானா. "புள்ள கை ஆடிருச்சுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவான்."

அதுவரை சுவரோரம் நின்றிருந்த மகள் முன்னால் வந்தாள்.

"அப்ப என் கையே இல்லாம சுட்டுப் பாருங்க நானா."

"கையில்லாம எப்படி புள்ள சுடுறது? மூக்காலயா?" என்றார் பயிற்சியாளர்.

"வைஸ்ல மாட்டுங்க கோச். அந்த மேசைய நேரா வெச்சி, துப்பாக்கிய மாட்டி, விசைய மட்டும் நீங்க இழுங்க."

மேசை ஓரத்தில் வைஸ் என்னும் இரும்பு இடுக்கி ஒன்று இருந்தது, இரும்பைப் பிடித்து ராவுவதற்காக. பயிற்சியாளரும் நானாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நாள் எங்கள் யாருக்கும் தோன்றாதது அது. மேசையைத் தூக்கிச் சுடும் கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ரப்பர் துண்டுகளை இரண்டு பக்கமும் கொடுத்து, துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கினார்கள். என் மகள் அதன் பக்கத்திலேயே நிற்கவில்லை. பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நான் போனில் படம் எடுத்தேன்.

டப். டப். டப். குண்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தன. இப்படியே போனால் பிள்ளை மேல்தான் தப்பு என்று ஆகிவிடுமே என்று எனக்கு வியர்த்தது.

புஸ்.

"கீழ போயிருக்கும்," என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடியே.

நானா அட்டையை இழுத்துப் பார்த்தார். நடுவில் ஓர் ஓட்டை. அதற்குக் கீழே, தனியாக, இன்னோர் ஓட்டை. பிறகு பயிற்சியாளர் இடுக்கியைத் தட்டிக் கேட்டார்:

"ஏன் நானா, இந்த இரும்புக்கும் நெஞ்சு திக்கு திக்குன்னுதோ?"

என் மகள் திரும்பினாள். அப்போதுதான் அவள் முகத்தில், பல வாரங்களுக்குப் பிறகு, ரத்தம் ஓடுவதைப் பார்த்தேன். பயிற்சியாளர் அவள் அருகே போய், "சாரி புள்ள" என்றார். சத்தமாக, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி.

"சரி, ஒத்துக்கிறேன். புள்ள மேல தப்பில்ல," என்றார் நானா. "ஆனா சந்தனம் அங்கேயேதானே இருக்கு? இப்ப தப்பு புள்ளகிட்டேருந்து அம்மாகிட்ட வந்து நிக்கிது. அவ்வளவுதான்."

அவர் சொன்னது சரிதான். ஆசை ஆசையாக வைத்த ஒரு பொட்டில் பிள்ளையின் வருடத்தையே பாழாக்கிவிட்டேனோ?

பயிற்சியாளர் அறைக்குள் போய்த் தன் சொந்தத் துப்பாக்கியை எடுத்து வந்தார். அதிலும் அதே இடத்தில், அதே சந்தனம். வெடித்து, உதிர்ந்து, பாதி உள்ளே போயிருந்தது.

"நீங்க இன்னும் தொடைக்கலையா?" என்றேன்.

"எங்கக்கா தொடைக்கிறது? நீங்க வெச்ச மறுவாரம் எனக்கு லாட்டரில நாலு நம்பர் அடிச்சிருச்சு. தொடைப்பேனா?"

அதையும் இடுக்கியில் மாட்டினார்கள். இந்த முறை நானாவே விசையை இழுத்தார். சுட்டுக்கொண்டே இருந்தார். அட்டையில் ஒரே ஓர் ஓட்டைதான். ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. அதையும் படம் எடுத்தேன்.

நானா தாடியைத் தடவினார். "சந்தனம் ஒண்ணுதான். ஒண்ணு ஒழுங்கா சுடுது, ஒண்ணு சுடல. அப்ப கோளாறு உள்ளதான் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இருந்தாலும் தங்கச்சி, வெள்ளக்காரனுக்கு இதெல்லாம் சொல்லிப் புரியவெக்க முடியாது. நான் நல்லா தொடச்சிர்றேன். புள்ள துப்பாக்கி படத்த மட்டும் அனுப்புவோம். சந்தனப் பேச்சே வேணாம். நான் எதையும் பாக்கல, நீங்களும் எதையும் வெக்கல."

நான் உடனே தலையாட்டினேன். என்னைக் கேட்டால், கிளப்பையே கழுவிவிடவும் தயாராக இருந்தேன்.

"வேணாம் நானா," என்றாள் மகள்.

"நீ சும்மா இரு," என்றேன்.

"மா, நீங்க சாமிதான் கும்பிட்டீங்க. திருடல. எதுக்கு மறைக்கணும்? அவங்க உள்ள தொறந்து பாக்கறப்ப ஒரு துளி மஞ்சளா இருந்துச்சுன்னா, அப்பறம் வைஸ் படத்தக்கூட நம்ப மாட்டாங்க. நான் இல்லன்னு நான் சொன்னப்ப யாரும் நம்பல. இப்ப நாமளே பொய் சொல்லணுமா?"

நானா என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "உங்க புள்ளைக்கு வாய் ஜாஸ்தி," என்றார். ஆனால் பஞ்சுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி, பத்திரங்களோடு தன் கடைக்கு எடுத்துப் போனார்.

மறுநாள் அலுவலகத்தில் மதிய உணவு நேரம் முழுக்க உட்கார்ந்து அந்தத் தொழிற்சாலைக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். முதலில் 'அலங்காரம்' என்று எழுதினேன். பொய் போலப் பட்டது, அழித்தேன். 'மதச் சடங்கு' என்று எழுதினேன். ஏதோ கோழி அறுத்தோம் என்று நினைத்துக்கொள்வார்களோ என்று அதையும் அழித்தேன். கடைசியில் இப்படித்தான் எழுதினேன்: நமக்காக உழைக்கும் கருவிகளுக்கு வருடத்தில் ஒருநாள் நன்றி சொல்வது எங்கள் வழக்கம். அதற்காக, படத்தில் அம்புக்குறி போட்டிருக்கும் இந்த இடத்தில், நான் சந்தனம் வைத்தேன். இதே போல் வைத்த இன்னொரு துப்பாக்கி நன்றாகச் சுடுகிறது. இரண்டையும் நீங்களே பாருங்கள். என் மகள் இந்தத் துப்பாக்கியைத் தொடவே இல்லாதபோதும் அது கீழேதான் சுட்டது.

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

ஒரு வாரத்துக்கும் மேலாகப் பதில் இல்லை. நான் வேலையில் வரவைச் செலவில் போட்டு, செலவை வரவில் போட்டுத் திட்டு வாங்கினேன். கணவர் பாலத்து நெரிசலில் நிற்கும்போதெல்லாம் போன் செய்து, "வந்துச்சா?" என்பார். "வந்தா சொல்லமாட்டேனா?" என்று எரிந்து விழுவேன். மகள் கிளப்பின் பழைய வலது கைத் துப்பாக்கியை எடுத்து, பிடியில் துணியைச் சுற்றி, மறுபடியும் இடது கையில் பழகத் தொடங்கியிருந்தாள். "இதுலயே சுடுறேன் மா, பரவால்ல," என்றாள். பரவாயில்லை இல்லை என்று அவளுக்கும் தெரியும். கட்டைவிரல் அடியில் பழைய இடத்திலேயே தோல் உரிந்திருந்தது.

பிறகு பதில் வந்தது. படங்களைப் பார்த்தோம், உறுப்பைத் திறந்து பார்க்க வேண்டும், எங்கள் தொழில்நுட்பர் ஒருவர் ஒரு போட்டிக்காகச் சிங்கப்பூர் வருகிறார், தேவையான பாகங்களோடு உங்கள் விற்பனையாளரின் கடைக்கு வருவார் என்று எழுதியிருந்தார்கள். உத்தரவாதம் பொருந்துமா என்பதை அவர் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்று கடைசி வரியில் இருந்தது. அவர் வரும் நாள், தேர்வுக்கு முந்தைய நாள். வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமையில் சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்கு வருவது என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் நானாவுக்குப் போன் செய்தேன். "ஆளு இன்னும் வரல தங்கச்சி." மூன்று மணிக்குச் செய்தேன். "பாலத்துல மாட்டிக்கிட்டாங்களாம்." அதன் பிறகு செய்தபோது நானாவின் போன் அணைந்திருந்தது. எத்தனை முறை செய்தாலும் அணைந்தேதான் இருந்தது.

மறுநாள் காலை தேர்வு நடக்கும் மண்டபத்தில், மகள் துணி சுற்றிய பழைய துப்பாக்கியோடு பரிசோதனை மேசையின் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தபோது, வாசலில் அந்த உரத்த குரல் கேட்டது.

"வழி வழி வழி! தங்கச்சி, போன் செத்துப் போச்சு, மன்னிச்சிக்கிங்க!"

நானா ஓடி வந்தார். அந்த வயதில், தாடி பறக்க, பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி. எனக்கு அவரை அடிக்கலாமா, காலில் விழலாமா என்று தெரியவில்லை.

"சரியாச்சா? என்ன சொன்னாங்க? சந்தனந்தானா?"

"கதையெல்லாம் அப்பறம். மேசைய மூடப் போறான், மொதல்ல புள்ளைய அனுப்புங்க!"

பெட்டி கைமாறியது. பழைய துப்பாக்கியைப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு, மகள் தன்னுடையதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானா மறுபடியும் வாசல் பக்கம் ஓடினார், வண்டியை யார் வழியிலோ நிறுத்திவிட்டாராம். நான் ஒன்றும் தெரியாமலே போய் உட்கார்ந்தேன். கணவர் இரவு வேலை முடித்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். காது மட்டும் திறந்திருந்தது. அத்தனை பேர் சுடும் சத்தத்துக்கு நடுவே என் மகளின் துப்பாக்கி எது என்று எனக்குத் தெரிந்தது, நம்புகிறீர்களா? டப். டப். டப். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என் உயிர் தொண்டைக்கு வந்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் கீழே இறங்கியது. புஸ் வரும், இதோ வரும் என்று காத்திருந்தேன். வரவேயில்லை. கடைசி வரைக்கும் வரவேயில்லை.

புள்ளிப் பலகையில் பெயர்கள் ஏறியபோது நான் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பயிற்சியாளர் போட்ட கூச்சலில்தான் திறந்தேன்.

"அக்கா! மூணாவது! நம்ம புள்ள மூணாவது!" ஒரு சீனர் தமிழில் கத்துவதைக் கேட்டு மண்டபமே திரும்பிப் பார்த்தது. கணவர் ஹெல்மெட்டோடு எழுந்து நின்று கை தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். மகள் கோட்டிலிருந்து இறங்கி வந்து என் தோளில் முகத்தை வைத்தாள். அத்தனை வாரமும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். அணியில் சேர்ந்துவிட்டாள், பயிற்சி முகாமுக்குப் போகப் போகிறாள் என்றெல்லாம் பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே போனார். எனக்குச் சந்தோஷத்துக்கு நடுவிலும் ஒரே முள் உறுத்திக்கொண்டிருந்தது. அப்படியானால் உள்ளே என்னதான் இருந்தது? கடைசி நேரத்தில் யாரோ மனசு வைத்து, என் சந்தனத்தைச் சுரண்டி எடுத்துக் காப்பாற்றினார்களா?

அப்போது நானா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால், முதுகில் பெரிய பையோடு உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, தூங்காத கண்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தவர் அவர்தான். செனாய் விமான நிலையத்துக்குப் போகிற வழியில், வாடகைக் காரை வெளியே நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

கடிதம் எழுதிய அம்மா யார் என்று நானாவிடம் கேட்டார். நானா என்னைக் காட்டினார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை மகளின் தோளில் வைத்தார். எனக்குப் புரிய வேண்டுமென்று, ஆங்கிலத்தில் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்:

"எங்கள் பட்டறையில், காற்றை அளக்கும் உறுப்பில் வேறொரு வகை ஸ்பிரிங்கைப் பொருத்தியிருக்கிறார்கள். தவறு எங்களுடையது. உங்கள் மகளுடையது அல்ல. உங்களுடையதும் அல்ல. இதைக் கடிதத்தில் எழுதி அனுப்பினால் போதும் என்றார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவள் நான், அதனால் நேரில் சொல்ல வந்தேன்."

அவ்வளவுதான். கையை விட்டுவிட்டு, பையைச் சரிசெய்துகொண்டு, விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். எதற்கெடுத்தாலும் என் மேல்தான் பிழை இருக்கும் என்று முந்திக்கொண்டு தலைகுனிகிற வழக்கம் எனக்கு அன்றோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போன பிறகு, குனிவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறேன்.